அல்ஃபோன்சோ லுக்ரேசியாவுக்கு விஷம் வைத்தாரா?

கேள்வி இதுதான்: ஃப்ளோரன்ஸ் டியூக்கின் மகள் லுக்ரேசியா தெ மெடிச்சி, ஃபெராராவுக்கு மருமகளாகப் போய் 16 வயதில் இறந்துபோனாள். அதை வைத்து வரும் சரித்திர நாவல்களில் கணவனே அவளைக் கொல்வதாக எழுதுகிறார்களே, அப்படி நடந்ததா? அந்தக் காலத்துப் பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்குக் கல்யாணம் அவ்வளவு ஆபத்தான காரியமா?

கொலை நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவள் பெரும்பாலும் காசநோயால்தான் இறந்திருக்கிறாள். ஆனால் கல்யாணம் ஆபத்தானதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். விஷக் கோப்பையை மட்டுமே தேடிக்கொண்டிருந்தால் அந்த ஆபத்து எங்கே இருந்தது என்பது கண்ணில் படாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அரண்மனைத் திருமணங்களைத் தொடர்ந்து படித்து வந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. ஒரு மனைவி உயிரோடு இருப்பாளா மாட்டாளா என்பதில் கணவனின் குணத்தை விடப் பிறந்த வீட்டின் பலத்துக்கே பங்கு அதிகம். லுக்ரேசியாவின் கதையையும் அவளுடைய அக்கா இசபெல்லாவின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும்.

முதலில் லுக்ரேசியா. அவள் கணவர், ஃபெராரா டியூக்கின் மகன் அல்ஃபோன்சோவுக்கு முதலில் நிச்சயமாகியிருந்தது இவள் இல்லை, மூத்த அக்கா மரியா. 1557 நவம்பரில் மரியா காய்ச்சலில் இறந்துபோனாள், 17 வயது. நிச்சயத்தை விட முடியாத நிலையில் இரண்டு வீடுகளும் இருந்தன. ஃபெராராவின் டியூக் இரண்டாம் எர்கோலே, போப் நான்காம் பவுலோடும் பிரான்சோடும் சேர்ந்து ஸ்பெயினுக்கு எதிராகப் போரில் இறங்கி, பிரான்ஸ் தோற்றதும் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். லுக்ரேசியாவின் அப்பா, ஃப்ளோரன்ஸின் கோசிமோ, ஸ்பெயின் பக்கம். அவர் நடுவில் நின்று எர்கோலேவுக்கும் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கும் சமாதானம் செய்து வைத்தார். அந்தச் சமாதானத்துக்கு முத்திரைதான் இந்தக் கல்யாணம். இதற்கு அடியில் இன்னொரு பழைய புண்ணும் இருந்தது. புனித ரோமானியப் பேரரசர் முன்னாலும் போப் முன்னாலும் ஃபெராராவை ஆண்ட எஸ்தே குடும்பத்துக்கு முதல் இடமா, மெடிச்சிக்கு முதல் இடமா என்று 1541-லிருந்தே இரண்டு வீடுகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எஸ்தே பல நூற்றாண்டுப் பரம்பரை, மெடிச்சி வட்டிக்கடை வைத்து மேலே வந்தவர்கள். இந்தக் கௌரவப் பிரச்சினை லுக்ரேசியாவின் கல்யாணத்தாலும் தீரவில்லை, அவள் செத்த பிறகும் தீரவில்லை.

இப்படி அக்காவின் இடத்தில் தங்கையை வைத்தார்கள். லுக்ரேசியா பிறந்தது 1545 பிப்ரவரியில். இந்தக் கல்யாணப் பேச்சுக்கு முன்பே அவளைப் போப் மூன்றாம் ஜூலியஸின் உறவினர் ஒருவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். 1555-ல் அந்தப் போப் இறந்ததும் அந்தச் சம்பந்தத்தால் இனிப் பயனில்லை என்று கைவிட்டார்கள். அதாவது இவளுக்குப் பத்து வயது நிரம்பும்போதே ஒரு சம்பந்தம் வந்து போய்விட்டது. அல்ஃபோன்சோவோடு கல்யாணம் 1558 ஜூலை 3 அன்று ஃப்ளோரன்ஸில் நடந்தது. அவளுக்கு 13, அவருக்கு 24. வரதட்சணை 200,000 தங்க ஸ்கூடி. மூன்றே நாளில் மாப்பிள்ளை பிரான்சுக்குப் போய்விட்டார், அங்கே அரசருக்காகச் சண்டை போட. பெண் பிறந்த வீட்டிலேயே இருந்தாள்.

1559 அக்டோபரில் எர்கோலே இறந்தார், அல்ஃபோன்சோ டியூக் ஆனார். 1560 பிப்ரவரியில் லுக்ரேசியா ஃபெராராவுக்குள் டச்சஸாக நுழைந்தாள். அப்போதுதான் 15 முடிந்திருந்தது. அவள் நுழைந்த வீட்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாமியார் ரெனாட்டா பிரான்ஸ் அரசர் பன்னிரண்டாம் லூயியின் மகள், கத்தோலிக்கத்துக்கு எதிரான கால்வினிச நம்பிக்கை கொண்டவர் என்று 1554-ல் சொந்தக் கணவனாலேயே மத விசாரணைக்கு உள்ளாக்கப்பட்டு அடைத்து வைக்கப்பட்டவர். இப்போது மகன் காலத்திலும் அது ஒத்துவராமல் 1560-லேயே பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். கல்யாணமாகாத இரண்டு நாத்தனார்கள், லுக்ரேசியா, லியோனோரா, இருவருமே இவளை விட ஏழெட்டு வயதாவது மூத்தவர்கள். இவர்கள் குடியிருந்த கோட்டையில்தான் 1425-ல் இவர்கள் முன்னோர் மூன்றாம் நிக்கோலோ, தன் இளம் மனைவி பாரிசினாவையும் தன் மகன் ஊகோவையும் கள்ள உறவுக் குற்றத்துக்காகத் தலை வெட்டினார். ஃபெராராவில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நாவலாசிரியர்கள் இந்தக் கோட்டையைப் பார்த்ததும் ஏன் உடல் சிலிர்க்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் நடந்தது என்ன? 1561 தொடக்கத்தில் அவள் படுத்துவிட்டாள். காய்ச்சல், இருமல், உடம்பு மெலிந்துகொண்டே போனது. செய்தி தெரிந்ததும் கோசிமோ தன் சொந்த வைத்தியர் அந்திரேயா பஸ்குவாலியை ஃபெராராவுக்கு அனுப்பினார். ஏப்ரல் 21 அன்று உயிர் போனது. கார்ப்புஸ் டோமினி கன்னிமடத்தில் புதைத்தார்கள். அல்ஃபோன்சோவின் பாட்டி, எல்லாருக்கும் பெயர் தெரிந்த அந்த லுக்ரேசியா போர்ஜியா, அதே மடத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்.

விஷம் வைப்பவன் மாமனாரின் வைத்தியரை உள்ளே விட்டு, படிப்படியாக நடக்கும் ஒரு சாவைப் பார்க்க வைப்பானா? இந்த இடத்தில்தான் கொலைக் கதை எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. கொல்வதற்குக் காரணமும் இல்லை. அல்ஃபோன்சோவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஒரு ஆண் குழந்தை, கல்யாணமாகி அவள் வீட்டுக்கு வந்து 14 மாதம்தான் ஆகியிருந்தது, வயதோ 16. மலடி என்று முடிவு கட்டும் வயதா அது? அவளுக்குப் பின்னால் நின்றது யார்? கோசிமோ. சியெனாவைச் சேர்த்துக்கொண்டு, ஸ்பெயினின் ஆதரவோடு, இத்தாலியில் யாரும் பகைக்கத் தயங்கும் ஆளாக அப்போது அவர் இருந்தார். அப்புறம் இன்னொன்று. 1565 டிசம்பரில் அல்ஃபோன்சோ பேரரசர் முதலாம் ஃபெர்டினாண்டின் மகள் பார்பராவை மணந்தார். அதே மாதம் பார்பராவின் தங்கை ஜொவான்னாவை மணந்தவர் யார் தெரியுமா, லுக்ரேசியாவின் சொந்த அண்ணன் பிரான்செஸ்கோ. மகளைக் கொன்றவன் என்று ஒருவனைப் பற்றிக் கோசிமோ நினைத்திருந்தால், நாலரை வருடத்தில் அவனோடு மறுபடி சகலை உறவு வருவதை ஏற்றிருப்பாரா? அவர் இதைவிடச் சின்ன அவமானங்களையே பல வருடம் மறக்காத மனிதர்.

அப்படியானால் விஷக் கதை எங்கிருந்து வந்தது? அவள் செத்த உடனேயே வதந்தி கிளம்பிவிட்டது. அந்தக் காலத்தில் அரண்மனையில் இளவயதில் யார் செத்தாலும் விஷம் என்றுதான் ஊர் பேசும். மெடிச்சிகளுக்கு எதிரிகள் அதிகம், நாடு கடத்தப்பட்ட ஃப்ளோரன்ஸ்காரர்கள் இத்தாலி முழுக்க இருந்தார்கள், அவர்கள் வாயில் இந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு சாவும் கொலையானது. மரியாவைக் காதல் விவகாரத்துக்காகக் கோசிமோவே கொன்றார் என்றார்கள். 1562-ல் கோசிமோவின் மனைவி எலியனோராவும் மகன்கள் ஜொவான்னியும் கார்ஸியாவும் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து இறந்தபோது, தம்பி அண்ணனைக் குத்தினான், அப்பா தம்பியைக் குத்தினார், அம்மா துக்கத்தில் செத்தாள் என்று ஒரு முழு நாடகமே உருவானது. உண்மையில் அவர்கள் டஸ்கனியின் சதுப்பு நிலக் கரையோரம் பயணம் போய் மலேரியாவில் விழுந்தவர்கள். மெடிச்சி கல்லறைகளைத் திறந்து எலும்புகளைப் பரிசோதித்தபோது மலேரியாக் கிருமியின் தடயம் கிடைத்தது. அண்ணன் பிரான்செஸ்கோவும் அவரது இரண்டாம் மனைவி பியாங்கா கப்பெல்லோவும் 1587-ல் ஒரு நாள் இடைவெளியில் இறந்தார்கள். அதைப் பற்றி 2006-ல் ஒரு குழு ஆர்சனிக் என்றது, சில வருடத்தில் இன்னொரு குழு மலேரியா என்றது. இன்றைய ஆய்வகங்களே இப்படி மோதிக்கொள்ளும்போது 1561-ன் தெருப்பேச்சை எந்த அளவுக்கு நம்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த வதந்திக்கு நிரந்தர உயிர் கொடுத்தவர் ராபர்ட் பிரவுனிங். 1842-ல் அவர் வெளியிட்ட 'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதையில் ஃபெராராவின் டியூக் ஒருவர், இறந்துபோன மனைவியின் படத்தைத் திரை விலக்கிக் காட்டி, அவளைத் தான் தீர்த்துக்கட்டியதைச் சொல்லாமல் சொல்கிறார். நம் ஊர்க் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பலர் இதைப் பாடமாகப் படித்திருப்பார்கள். அற்புதமான கவிதை, அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அதில் வரும் ஓவியனும் சிற்பியும் கற்பனை, டியூக்குக்கு அல்ஃபோன்சோ என்ற பெயர் கூட அதில் இல்லை. அடுத்த கல்யாணத்துக்குப் பேச வந்த தூதரிடம் அவர் பேசுகிறார் என்ற அமைப்பை வைத்து, பார்பராவின் சம்பந்தத்தோடு பொருத்திப் பார்த்து, இது அல்ஃபோன்சோவும் லுக்ரேசியாவும்தான் என்று பின்னால் வந்தவர்கள் அடையாளம் கண்டார்கள். அவளுடைய நிஜமான உருவப்படம் உண்டு. மெடிச்சி அரசவை ஓவியர் ப்ரோன்சினோவின் சீடர் அலெசாண்ட்ரோ அல்லோரி வரைந்ததாகச் சொல்லப்படும் ஒன்று அமெரிக்காவில் வட கரோலினா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருண்ட உடை, நகைகள், இறுக்கமான முகம். பார்ப்பவர்கள் அந்த முகத்தில் பயத்தைப் படிக்கிறார்கள். ப்ரோன்சினோ வழி ஓவியர்கள் மெடிச்சி குடும்பத்தில் யாரை வரைந்தாலும் முகம் அப்படித்தான் இருக்கும், ஆளும் குடும்பத்தார் உணர்ச்சியைக் காட்டக் கூடாது.

இதையெல்லாம் சொல்வதால் அல்ஃபோன்சோ நல்லவர் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய தங்கை லுக்ரேசியா தெஸ்தே 1570-ல் தன்னை விட 13 வயது இளையவரான உர்பினோவின் வாரிசுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டு, அது சரிப்படாமல் ஃபெராராவுக்குத் திரும்பியவர். அவருக்கும் எர்கோலே கொன்ட்ராரி என்ற பிரபுவுக்கும் உறவு இருப்பது தெரிந்ததும், 1575-ல் அல்ஃபோன்சோ அந்த மனிதரைக் கோட்டைக்கு வரவழைத்துக் கழுத்தை நெரித்துக் கொல்ல வைத்தார். கவிஞர் டொர்குவாட்டோ டாஸ்ஸோவை 1579-லிருந்து ஏழு வருடம் சாந்தா அன்னா மருத்துவமனையில் பூட்டி வைத்ததும் இவர்தான். கொலை செய்யக் கூடியவர், செய்தவர். மனைவியைக் கொன்றார் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

சரி, இப்போது இசபெல்லாவுக்கு வருவோம். பிறந்த வீட்டின் பலம் என்று ஆரம்பத்தில் சொன்னது இங்கேதான் பச்சையாகத் தெரிகிறது.

இசபெல்லா லுக்ரேசியாவுக்கு இரண்டரை வயது மூத்தவர். கல்யாணம் நடந்ததும் அதே 1558-ல், ரோமின் பெரிய பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த பவுலோ ஜோர்டானோ ஓர்சினியோடு. ஆனால் கோசிமோ மகளை அனுப்பவே இல்லை. கணவர் பெரும்பாலும் ரோமில், மனைவி ஃப்ளோரன்ஸில், அப்பாவுக்குப் பக்கத்தில், தனக்கென்று ஒரு மாளிகை, இசை, விருந்து, வேட்டை என்று வாழ்ந்தார். 1562-ல் அம்மா இறந்த பிறகு ஃப்ளோரன்ஸ் அரசவையின் முதல் பெண்மணி கிட்டத்தட்ட இவர்தான். கணவரின் கடன்களுக்கு மாமனார் கை கொடுத்துக்கொண்டிருந்தார், அதனால் கணவர் வாய் திறக்க வழியில்லை. கணவரின் உறவினர் டிரோய்லோ ஓர்சினியோடு இசபெல்லாவுக்கு இருந்த உறவும் ஊரறிந்த ரகசியம். கோசிமோ இருந்த வரை யாரும் அவர் மேல் கை வைக்கவில்லை.

கோசிமோ 1574 ஏப்ரல் 21 அன்று இறந்தார். அண்ணன் பிரான்செஸ்கோ ஆட்சிக்கு வந்தார். அக்கா தங்கை பாசம் இல்லாதவர், தங்கைக்கு அப்பா கொடுத்துவந்த சலுகைகள் அவருக்கு எரிச்சல். இரண்டே வருடம். 1576 ஜூலை 16 அன்று செர்ரெட்டோ குயிதி மாளிகையில், கணவரோடு தங்கியிருந்தபோது இசபெல்லா இறந்தார். வயது 33. தலை கழுவிக்கொண்டிருந்தபோது திடீரென்று சரிந்து விழுந்தார் என்று அரண்மனை அறிவித்தது. கணவர் கழுத்தை நெரித்தார், அண்ணனுக்குத் தெரிந்தே நடந்தது என்று வெளி அரசுகளின் தூதர்கள் தங்கள் ஊருக்கு எழுதினார்கள். கணவன் மனைவி கடிதங்களை வைத்து, நோயால்தான் இறந்தார் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அந்த வாதத்தையும் ஒதுக்கித் தள்ள முடியாது. எனக்குக் கொலை என்ற பக்கம்தான் கனமாகத் தெரிகிறது, அதற்குக் காரணம் சில நாட்களுக்கு முன்னால் நடந்த இன்னொரு சாவு.

அந்த மாதமே, கஃபஜ்ஜோலோ மாளிகையில், இவர்களுடைய கடைசித் தம்பி பியெத்ரோவின் மனைவி லியோனோரா தெ டொலெடோ இறந்தார். 23 வயது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பியெத்ரோ கொன்றார். பிரான்செஸ்கோவே ஸ்பெயினில் இருந்த தன் தூதருக்கு, அவள் செய்த துரோகத்துக்காகப் பியெத்ரோ அவள் உயிரை எடுத்தான் என்று அரசரிடம் சொல்லும்படி எழுதினார். லியோனோரா ஒன்றும் ஆதரவற்ற பெண் இல்லை, பெரிய ஸ்பானிய வம்சம், அப்பா கார்ஸியா தெ டொலெடோ உயிரோடுதான் இருந்தார். ஆனால் சின்ன வயதிலேயே அம்மாவை இழந்து, அத்தை எலியனோராவின் வீட்டில், அதாவது புகுந்த வீடாகப் போகும் அதே வீட்டில் வளர்ந்தவர். அவருக்கென்று தனியாக ஒரு பிறந்த வீடு ஃப்ளோரன்ஸில் இல்லை. மெடிச்சி எதிர்ப்புச் சதி ஒன்றில் அவருக்கு நெருக்கமானவர்கள் பெயர் அடிபட்டதும் சேர்ந்துகொண்டது. பியெத்ரோவுக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

கள்ள உறவில் மனைவியைக் கொன்ற பிரபுவைத் தண்டிப்பதில் அங்கே யாருக்கும் ஆர்வமே இருந்ததில்லை. குடும்ப மானம் என்று சொன்னால் போதும். அதனால் ஒரு பெண்ணைக் காப்பாற்றியது சட்டம் இல்லை, இவளைத் தொட்டால் அவள் அப்பனுக்கோ அண்ணனுக்கோ பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம் மட்டும்தான். அந்த அப்பனும் அண்ணனும் செத்தாலோ, மனம் மாறினாலோ, தூரத்தில் இருந்தாலோ அவள் தனி.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. லுக்ரேசியா போர்ஜியாவின் அப்பா போப் ஆறாம் அலெக்சாண்டர். 13 வயதில் முதல் கல்யாணம், அது ரத்து. இரண்டாவது கணவர் பிஷெல்யேவின் அல்ஃபோன்சோவை 1500 ஜூலையில் செயின்ட் பீட்டர் படிகளில் வெட்டினார்கள், பிழைத்துவிடுவார் போலிருந்தபோது ஆகஸ்டில் படுக்கையிலேயே கழுத்தை நெரித்துவிட்டார்கள். அண்ணன் செசாரேயின் ஆட்கள் செய்தது. அங்கே கல்யாணத்தில் உயிரை விட்டது மாப்பிள்ளை, காரணம் பெண்ணின் பிறந்த வீடு. மூன்றாவதாக 1502-ல் ஃபெராராவுக்கு வந்தார், 100,000 டுகாட் ரொக்கமும் அதற்கு மேல் போப்பின் சலுகைகளும் சீராக வந்தன. அடுத்த வருடமே அப்பா செத்துவிட்டார், அண்ணன் வீழ்ந்தார், மகன் இன்னும் பிறக்கவில்லை. தள்ளிவைக்க இதைவிட வசதியான நேரம் இல்லை. எஸ்தே குடும்பம் தள்ளிவைக்கவில்லை. தள்ளினால் சீர்ப்பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது ஒரு பக்கம், அதற்குள் அவர் தன் சாமர்த்தியத்தால் அந்த வீட்டில் வேர் பிடித்திருந்தது இன்னொரு பக்கம். கணவர் போருக்குப் போனபோது நிர்வாகத்தையே அவரிடம் விட்டுப் போகும் அளவுக்கு நம்பிக்கை வளர்ந்தது. கடைசியில் அவரைக் கொன்றது 1519 ஜூனில் நடந்த ஒரு பிரசவம். பெண் குழந்தை பெற்ற பத்தாவது நாள் காய்ச்சலில் போனார்.

புள்ளிவிவரமே வேண்டாம், இந்த ஒரு வீட்டுக்குள்ளேயே பார்த்தால் போதும், மனைவிகளை அதிகம் கொண்டுபோனது பிரசவமும் நோயும்தான். நம் லுக்ரேசியாவின் அம்மா எலியனோரா 1540-க்கும் 1554-க்கும் இடையில் 11 குழந்தைகள் பெற்றார், 40 வயதில் போய்ச் சேர்ந்தார். அல்ஃபோன்சோவின் இரண்டாம் மனைவி பார்பராவும் 1572-ல் நுரையீரல் நோயில்தான் இறந்தார். யாரும் விஷம் வைக்கத் தேவையே இருக்கவில்லை.

நாவல்களில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது, அந்தப் பெண்ணைத் தனியாக ஒரு கோட்டையில் அடைத்து, யாருக்கும் தெரியாமல் எல்லாம் நடப்பதாகக் காட்டுவது. டச்சஸ் ஒருத்தி ஒரு நிமிடம் கூடத் தனியாக இருக்க முடியாது. பிறந்த வீட்டிலிருந்து வந்த தோழிப் பெண்கள், பணியாளர்கள், பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரியார், வைத்தியர், எல்லாருக்கும் மேலே அப்பாவின் தூதர். அவள் என்ன சாப்பிட்டாள், முகம் வாடியிருந்ததா, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்பது வரை ஊருக்குக் கடிதம் போகும். அந்தரங்கம் துளியும் இல்லாத அந்த வாழ்க்கையே ஒரு விதமான பாதுகாப்பு. பிறந்த வீட்டுப் பணிப்பெண்களை ஒவ்வொருவராகக் கணவன் வெளியே அனுப்ப ஆரம்பித்தால்தான் உண்மையிலேயே பயப்பட வேண்டும். இதை ஒரு நாவலாசிரியர் பிடித்துக்கொண்டால் விஷக் கோப்பை இல்லாமலே வாசகனுக்கு மூச்சு முட்ட வைக்கலாம்.

சரி, தப்பிக்க வழி ஒன்றும் இல்லையா என்றால், இருந்தது, ஆனால் அந்த வழிகள் எல்லாமே பிறந்த வீடு, கன்னிமடம், இல்லை கணவனின் சாவு, இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும். அல்ஃபோன்சோவுக்கு இரண்டு மனைவிகள் இறந்தும் குழந்தை இல்லை. 1567-ல் போப் ஐந்தாம் பயஸ், முறைப்படி பிறக்காத வழியினர் போப்பின் மானிய நாடுகளை ஆள முடியாது என்று ஆணை போட்டுவிட்டார். ஃபெராரா அப்படிப்பட்ட மானிய நாடு. அல்ஃபோன்சோவுக்கு மிச்சமிருந்த சித்தப்பா மகன் செசாரேயின் கிளை அந்த வகையில் சந்தேகத்துக்குரியது. அதனால் 1579-ல், தன் 45 வயதில், மந்துவா டியூக்கின் 14 வயது மகள் மார்கரிட்டா கொன்சாகாவைக் கட்டினார். அதிலும் குழந்தை இல்லை. 1597-ல் அல்ஃபோன்சோ இறந்ததும் மார்கரிட்டா மந்துவாவுக்குத் திரும்பி, அங்கே சாந்தா ஓர்சொலா என்ற மடத்தை நிறுவி, கலைகளை ஆதரித்து, 20 வருடத்துக்கு மேல் தன் விருப்பப்படி வாழ்ந்தார். அந்த வீட்டின் மனைவிகளில் கொடுத்துவைத்தவர் இவர்தான் என்று நினைக்கிறேன்.

வாரிசு விவகாரத்தில் இன்னொரு பெண்ணையும் அல்ஃபோன்சோ பணயம் வைத்தார், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். இசையமைப்பாளரும் வெனோசாவின் இளவரசருமான கார்லோ ஜெசுவால்டோ 1590 அக்டோபரில் நேப்பிள்ஸில் தன் மனைவி மரியா தாவலோஸையும் அவர் காதலரையும் படுக்கையிலேயே கொன்றவர். இத்தாலி முழுக்கத் தெரிந்த செய்தி, தண்டனை எதுவும் கிடையாது. 1594-ல் அதே ஆளுக்குத் தன் சித்தப்பா மகள் லியோனோரா தெஸ்தேயைக் கட்டிக் கொடுத்தார் அல்ஃபோன்சோ. ஜெசுவால்டோவின் சித்தப்பா ரோமில் செல்வாக்கான கர்தினால், ஃபெராராவின் வாரிசுப் பிரச்சினையில் உதவுவார் என்ற கணக்கு. மனைவியைக் கொன்றவன் என்று தெரிந்தே கொடுத்தார்கள். லியோனோரா அந்த வீட்டில் பட்ட பாடு பற்றிக் கடிதங்கள் போயின, சகோதரர் செசாரே இருந்த மொடேனாவுக்கு மாதக்கணக்கில் வந்து தங்கினார். சகோதரர் வீட்டுக் கதவு திறந்திருந்தது, உயிர் பிழைத்தார், கணவர் 1613-ல் இறந்த பிறகும் 24 வருடம் இருந்தார்.

கணக்கு மட்டும் பலிக்கவில்லை. போப் எட்டாம் கிளெமென்ட் செசாரேயை ஏற்க மறுத்துப் படை அனுப்பினார். சமரசம் பேச ஃபெராரா சார்பில் ஃபாயென்சாவுக்குப் போனவர் யார் என்று பாருங்கள், காதலனை அண்ணன் கொன்றதைப் பார்த்த அதே லுக்ரேசியா தெஸ்தே, இப்போது 62 வயது. 1598 ஜனவரியில் ஃபெராராவைப் போப்புக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்த கர்தினால் அல்டோபிராண்டினியைத் தன் சொத்துக்கு வாரிசாக எழுதி வைத்துவிட்டு அடுத்த மாதமே இறந்தார். கொன்ட்ராரியோடு இருந்த உறவை அல்ஃபோன்சோவிடம் போட்டுக்கொடுத்தவர் செசாரேயின் அப்பா என்று அவர் நம்பியதாகவும், 22 வருடம் அந்த வஞ்சத்தை மனதில் வைத்திருந்ததாகவும் சொல்கிறார்கள். 16 வயது மெடிச்சிப் பெண்ணை வைத்து எழுதிவிட்டார்கள், நல்லதுதான். அவளுடைய இந்த நாத்தனாரை வைத்து யாராவது ஒரு பெரிய நாவல் எழுத வேண்டும், முதல் ஆளாக நான் வாங்கிப் படிப்பேன்.